கேட்காமல் ஜெபிப்பதா, கேட்டு ஜெபிப்பதா?

ஊழியத்துக்குப் புறப்படும் நம் தமிழ்ச் சபைப் பிள்ளைகள், பணத் தேவையை மனிதரிடம் கேட்பதா, தேவனிடம் மட்டும் சொல்வதா என்ற இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்.

முதல் வழி ஜார்ஜ் முல்லருடையது. 1836-இல் பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தவர், தேவையை மனிதரிடம் சொல்லாமல் தேவனிடம் மட்டுமே சொன்னார். 1841 டிசம்பரில் கை வறண்டிருந்தபோது, வழக்கமான ஆண்டறிக்கையைக்கூடத் தள்ளிவைத்தார். அது கேட்பதுபோல் ஆகிவிடக்கூடாதாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். ஹட்சன் டெய்லர் 1865-இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷனும் இந்த வழியில்தான் நடந்தது. சீனாவை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது, 1951-இல் அதன் தலைமையகம் நம் சிங்கப்பூருக்கே வந்தது.

இரண்டாவது வழி, தேவையைத் திறந்து சொல்வது. ஸ்பானியா போக ரோமச் சபையின் உதவியை எதிர்பார்ப்பதாகப் பவுலே எழுதினார் (ரோமர் 15:24). இதை விசுவாசக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேவை தெரிந்தால்தானே தேக்கா பக்கம் காய்கறி வாங்க வரும் அக்காவும் மாதம் 20 வெள்ளி பேநவ்வில் அனுப்பிவிட்டு, ஊழியம் நடக்கும் ஊரின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்? ஆனால் ஒன்று: உதவி கேட்டுக் கடிதம் அனுப்பிய கையோடு யார் தரவில்லை என்று எண்ணத் தொடங்கினால், நம்பிக்கை தேவனிடமிருந்து கொடுப்பவர்களின் பட்டியலுக்கு மாறிவிட்டது.

முல்லரின் வழி தனி அழைப்பு. அதை எல்லார் மேலும் சுமத்தக்கூடாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். முதல் கடிதம் எழுதுமுன் ஒரு வாரம் ஜெபித்துவிட்டு, வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.