வீட்டிலேயே ஒட்டி, பெயிண்ட் அடித்த ஃபேரிங்: மூன்று மழைக்காலம் ஓட்டிய பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போய்விடலாம். பைக்கின் முன்னும் பக்கமும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறைதான் ஃபேரிங். அது உடைந்தால் ஒட்டும் வேலையைத் தாராளமாக வீட்டில் செய்யுங்கள், பல கடைகளைவிட நன்றாகவே வரும். கலரும் வீட்டில் அடிக்கலாம், சாதாரணக் கருப்பு, வெள்ளை, சிவப்பாக இருந்தால். கலருக்கு மேல் அடிக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்துவிட்டுத் தொடுங்கள்.

என்னுடையது முழு ஃபேரிங் போட்ட பழைய 150 சிசி வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2008இல் யமஹா ஆர்15 வந்ததிலிருந்து இந்த மாதிரி வண்டி ஊருக்கு நாலு நிற்கிறது. ஆனால் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கத்து ரோடுகள் அதற்கானவை இல்லை. தை, மாசியில் ரோட்டில் பாதி நெல் காயும், மீதிப் பாதியில் வைக்கோல் சிதறிக் கிடக்கும். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து தாரில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டி டயரே அடித்துக் கொடுக்கட்டும் என்று. முன் டயர் சறுக்கினால் ஆள் தப்பினாலும் ஃபேரிங் தப்பாது. எங்கள் மெக்கானிக் கடை மூலையில் சேர்ந்து கிடக்கும் உடைந்த பேனல்களை வைத்தே இப்போது என்ன அறுவடை நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அந்த மூலைதான் எனக்குக் கச்சாப்பொருள் கடை. பேனலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எங்காவது சின்ன எழுத்தில் ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ பிளாஸ்டிக்கின் ரகம் அச்சாகியிருக்கும். இதைப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது, ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், கரையாது. சாதாரணப் பசை எதுவும் அதில் நிரந்தரமாகப் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. அதைச் சூடு வைத்துத்தான் இணைக்க வேண்டும், பெயிண்டுக்கு முன்னால் பெயிண்டைப் பிடிக்கவைக்க அதற்கென்றே உள்ள அடீஷன் புரமோட்டர் அடிக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கிற வெளிப் பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ், கருப்பாகவே விட்டிருக்கும் உள் பேனல்களில்தான் பிபி அதிகம்.

ஏபிஎஸ் என்றால் வேலை சுகம். அதே ரகப் பழைய பேனலைப் பொடிப்பொடியாக நறுக்கி, பெயிண்டைச் சுரண்டிவிட்டு, கண்ணாடி பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி மூடி வைத்தால் ராத்திரிக்குள் கரைந்து இட்லி மாவுப் பதத்துக்கு வந்துவிடும். இதைப் பசை என்று நினைக்க வேண்டாம். அசிட்டோன் ஆவியாகிப் போனதும் மிஞ்சுவது பிளாஸ்டிக்தான், அதுவும் பேனலின் ஓரத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாகச் சேர்ந்த பிளாஸ்டிக். காயும்போது சுருங்கும் என்பதால் ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிய படலமாக, ஒன்று இறுகியபின் அடுத்தது என்று போட வேண்டும். அடுப்பும் பீடியும் பக்கத்தில் இருக்கக்கூடாது, அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

ஆனால் மாவைத் தடவுவதற்கு முன்னால் செய்கிற வேலைதான் ஒட்டின இடத்தின் ஆயுள். விரிசல் முடிகிற நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால் ஒரு ஓட்டை. கூரான நுனியில்தான் அழுத்தம் குவிகிறது, அதை வட்டமாக்கிவிட்டால் விரிசல் மேலே ஓடாது. பிறகு விரிசலின் நீளத்துக்கும் பின்பக்கமாக வி வடிவப் பள்ளம் எடுத்து, அதற்குக் குறுக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத் துண்டை வைத்து, 25 வாட் சால்டரிங் ராடின் நுனியால் அழுத்தி உள்ளே அமுக்கினேன். ராடு தொட்டதும் பிளாஸ்டிக் இளகி வலையின் கண்கள் வழியாகப் பொங்கி மேலே வரும், அந்த நேரத்தில் ராடை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி கூடுதலாக வைத்தால் முன்பக்கம் கொப்பளம் தட்டிவிடும். வலை மூழ்கியபின் மேலே மாவு. புகையை முகர வேண்டாம், ஸ்டைரீன் கலந்தது, திண்ணையில் உட்கார்ந்து செய்வது நல்லது.

இப்படி ஒட்டின இடங்கள் எதுவும் இன்றுவரை விடவில்லை. அதே வண்டியில் முந்தைய ஓனர் பிசைந்து ஒட்டும் எபாக்ஸியால் அடைத்திருந்த இடம் கட்டியாகப் பெயர்ந்து கையோடு வந்தது. பிளாஸ்டிக் வளைகிறது, அது வளையவில்லை. கப்பி ரோட்டு அதிர்வில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கனமாகப் போட்ட பட்டிக்கும் (பள்ளம் நிரப்பும் புட்டி) இதே கதிதான். மேடு பள்ளத்தை மாவிலேயே சரிசெய்துவிட்டு, பட்டியை 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக, நூலளவு கீறலை நிரப்ப மட்டும் வைத்துக்கொள்வது உத்தமம்.

இன்னொன்று, விரிசல்களில் பெரும்பாலானவை விழுந்ததால் வந்தவையே இல்லை, போல்ட் ஓட்டையில் தொடங்கியவை. சர்வீசுக்கு விட்டால் பையன்கள் ஃபேரிங் போல்ட்டை இன்ஜின் போல்ட் மாதிரி முடுக்குகிறார்கள். ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், கைத் திருகலுக்கு மேல் கால் சுற்று போதும்.

தேய்ப்பு வேலையில் சொல்ல அதிகம் இல்லை: 220, 400, 800 என்று வாட்டர் பேப்பர். கவனிக்க வேண்டியது பேப்பரை அல்ல, தண்ணீரை. எங்கள் பக்கம் கடலோரம், போர் தண்ணீர் உப்பு. அதில் தேய்த்து அப்படியே காயவிட்டால் உப்பு பேனல் மேலேயே தங்கிவிடும். மேலே பெயிண்ட் மூடியபிறகு, மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துச் சின்னச் சின்னக் கொப்பளமாகக் கிளப்பும். வேதாரண்யம் பக்கம் இரும்பு கேட்டுக்கு அடித்த பெயிண்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கடைசிக் கழுவலுக்கு மட்டும் ஒரு வாளி கேன் வாட்டர் எடுத்துக்கொண்டேன். வெறும் ஏபிஎஸ் மேல் பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைப்பதையும் விட்டுவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். முன்பு பளபளப்புக்காக சிலிகான் பாலிஷ் பூசிய வண்டியாக இருந்தால் இரண்டு தடவை கழுவணும், இல்லாவிட்டால் பெயிண்ட் அங்கங்கே வட்டமாக விலகி நிற்கும்.

இப்போது பெயிண்ட். டெல்டாவில் இதை நாம் அடிப்பதில்லை, மாதம் அடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கிறது, காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அது பெயிண்ட் மேலேயே படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். மார்கழியில் பகல் நன்றாக இருக்கும், ஆனால் சாயங்காலமே பனி இறங்கிவிடும். தையில் அறுப்பு மெஷின் கிளப்பும் தூசி. ஆடியில் அம்மியே பறக்கும்போது ஸ்ப்ரே எந்த மூலைக்கு? சித்திரை மத்தியானத்தில் பெயிண்ட் பேனலைத் தொடுமுன்பே பாதி காய்ந்து சொரசொரவென்று உட்காரும். மிச்சம் இருப்பது மாசிக் கடைசியும் பங்குனியும், அதிலும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். அந்த நேரத்தில் அடித்த பேனலில் நான் மறுபடி தேய்க்க வேண்டியதே வரவில்லை.

ஷெட்டுக்கு நடுவில் பழைய இரட்டைக் கட்டில் கொசுவலையைக் கட்டித் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, உள்ளே பேனலைக் கம்பியில் மாட்டி அடித்தேன். காற்று போகும், பூச்சி வராது. வலை இல்லாமல் சாயங்காலம் லைட் போட்டு அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் தம்பியின் வண்டி சாட்சி. அவன் அடித்தது சம்பா வயலில் பயிர் நின்ற சமயம். வெள்ளை டேங்க் பேனலில் கிளியருக்குள்ளே ஒரு பச்சைத் தத்துப்பூச்சி, இறக்கை நுனியில் இருக்கிற கருப்புப் புள்ளி உட்பட, இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சொன்னால் ஸ்டிக்கர் காசு மிச்சம் என்கிறான்.

அடிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பிளாஸ்டிக் பிரைமர், மேலே கலர், ஒரு முழம் தள்ளியெல்லாம் வேண்டாம், ஒரு சாண் தூரம், ஒவ்வொரு கோட்டுக்கும் பத்துப் பதினைந்து நிமிஷ இடைவெளி. ஸ்ப்ரே கேனை வெந்நீரில் அல்ல, வெயிலிலும் அல்ல, வீட்டுக்குள் வைத்திருந்து நன்றாகக் குலுக்கினால் போதும்.

கிளியரில்தான் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்று இடது பேனலுக்கு ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) இல்லாத சாதாரணக் கேன் கிளியரும், வலது பேனலுக்கு ஹார்ட்னர் கலந்த 2கே கிளியரும் அடித்தேன். முதல் வருஷம் இரண்டும் ஒன்றுதான். அடுத்த கோடையில் இடது பக்கம் மங்கத் தொடங்கியது. பங்க்கில் டேங்க் வழிந்து பெட்ரோல் இறங்கிய தடத்தில் கிளியர் இளகி, விரல் வைத்தால் பிசுபிசுத்தது. காய்ந்தபின் அந்தத் தடம் சுருக்கமாகவே நின்றுவிட்டது. காக்கை எச்சம் விழுந்த இடங்களில் பொட்டுப் பொட்டாக அரித்திருக்கிறது. மூன்றாவது மழைக்காலத்தோடு ஓரங்களில் உரிகிறது. வலது பக்கத்தில் பெட்ரோல் எதையும் செய்யவில்லை. 2000 பேப்பரில் லேசாகத் தேய்த்து காம்பவுண்ட் போட்டால் இன்றும் முகம் தெரிகிறது. சாதாரணக் கிளியர் தின்னர் போனதால் மட்டுமே காய்கிறது, அதனால் பெட்ரோல் பட்டால் மறுபடி இளகும். 2கே வேதிவினையால் இறுகுகிறது, திரும்பக் கரையாது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 2கே அடித்துவிடலாமே என்றால், அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க்கும் சாதாரண தூசி மாஸ்க்கும் அதன் ஆவியை நிறுத்தாது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும், ஆஸ்துமாவாகவே நின்றுவிடலாம். ஆர்கானிக் வேப்பருக்கான (ரசாயன ஆவிக்கான) கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் போட்ட மாஸ்க், கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் எல்லாம் வேண்டும். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில், குழந்தைகள் ஓடுகிற இடத்தில் அடிக்கிற சமாச்சாரம் இல்லை. மன்னார்குடியில் நான் கலர் மிக்ஸ் பண்ண போகிற கடையில் ஒரு பெயிண்டர் அண்ணன் சொன்னார், "தம்பி, நான் முப்பது வருஷமா கைக்குட்டை கட்டித்தான் அடிச்சேன். இப்ப மாடிப்படி ஏற முடியல." அதற்குப் பிறகு நான் 2கேயைக் கையில் எடுக்கவில்லை.

இடது பேனலை வரும் பங்குனியில் திரும்ப அடிக்கப் போகிறேன். உரிந்ததைத் தேய்த்து, பிரைமரும் கருப்பும் வீட்டில். கிளியருக்கு மட்டும் பேனலைக் கழற்றிக் கடையில் கொடுக்கப்போகிறேன். தனிப் பேனலாகக் கொண்டுபோனால், வேறு காருக்கு அடிக்கும்போது கூடவே அடித்துக் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள், செலவும் புதுப் பேனல் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. வண்டியை முழுசாக விட்டால் விரிசலைப் பின்பக்கம் பார்க்காமல் முன்பக்கம் பட்டி அப்பி மூடித் தருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், அதனால் ஒட்டுவதை நீங்களே முடித்துவிட்டுக் கொண்டுபோங்கள். மெட்டாலிக், பேர்ல் ஷேடு வைத்திருப்பவர்கள் கலரையும் சேர்த்தே கடையில் கொடுத்துவிடலாம். கேன் பெயிண்டில் அந்த ஷேடு ஒரு பேனலுக்கு இன்னொரு பேனல் ஒத்துவருவதில்லை, வெயிலில் நிறுத்தினால் தூரத்திலிருந்தே தெரியும்.