ஐந்தாண்டுகளாகப் பதிலி மறுகுறியாக்கம்: அம்ப்ரல் லைப்ரரியுடன் என் அனுபவம்

சிறிய சட்ட உதவிக் குழு ஒன்றில் ஆவணக் காப்பு என் பொறுப்பு. வழக்காடிகளின் வாக்குமூல ஒலிப்பதிவுகள், பட்டா நகல்கள், மருத்துவச் சான்றுகள் ஆகியவை எங்களிடம் வருகின்றன; அவற்றைப் படிக்க வேண்டிய தன்னார்வலர்களோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு கோப்பையும் அன்றைய தன்னார்வலர் எல்லோருடைய பொதுச்சாவிகளுக்கும் சேர்த்துக் குறியாக்கி வைத்தோம் (பொதுச்சாவி பூட்ட மட்டுமே உதவும், யாருக்கும் தரலாம்; திறப்பது அவரவர் மறைவாக வைத்திருக்கும் தனிச்சாவி). புதிதாக ஒருவர் வந்து சேர்ந்ததும் பழைய கோப்புகளை என் மடிக்கணினியில் இறக்கிப் பூட்டைத் திறந்து, அவருடைய சாவியையும் சேர்த்து மீண்டும் பூட்டி ஏற்றுவேன். இதனால் எல்லா வழக்குகளின் திறந்த நகல்களும் அடிக்கடி ஒரே கணினியில் வந்து குவிந்தன. அந்த அச்சத்தினால்தான் 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பதிலி மறுகுறியாக்கத்துக்கு மாறினேன்.

கோப்பின் உடைமையாளர் தன் பொதுச்சாவியால் பூட்டியதை, இடையில் நிற்கும் சேவையகம் ஒன்று, உள்ளே இருப்பது என்னவென்று தானும் அறியாமல், பெறுநரின் சாவியால் திறக்கக்கூடியதாக மாற்றித் தருவதே இந்த முறை. 1998இல் பிளேஸ், புளூமர், ஸ்ட்ராஸ் ஆகிய மூவர் எல்கமால் என்னும் பொதுச்சாவிக் குறியாக்கத்தின் மீது இதை அமைத்துக் காட்டினார்கள். பெறுநரின் தனிச்சாவியை உடைமையாளரின் தனிச்சாவியால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே, சேவையகம் மாற்றத்துக்குப் பயன்படுத்தும் மறுசாவி. அழகான கணக்குதான், ஆனால் அந்த எண்ணைத் தலைகீழாக்கினால் எதிர்த்திசையிலும் மாற்றலாம் என்பதும், சேவையகமும் பெறுநரும் கைகோத்தால் ஒரே வகுத்தலில் உடைமையாளரின் தனிச்சாவி வெளிப்பட்டுவிடும் என்பதும் அதன் குறைகள். அதெனீசே, ஃபூ, கிரீன், ஹோஹென்பெர்கர் ஆகியோர் 2005இல் வெளியிட்ட முறை ஒரு திசையில் மட்டுமே இயங்குகிறது. பெறுநரின் பொதுச்சாவி மட்டும் கிடைத்தாலே, உடைமையாளர் தன் தனிச்சாவியைக் கொண்டு மறுசாவியை உருவாக்கலாம். கூட்டுச்சதியிலும் உடைமையாளரின் தனிச்சாவி பறிபோவதில்லை. ஆயினும் குறியாக்கத்துக்கு அடிப்படையாகும் நீள்வட்ட வளைவுகள் என்னும் கணித அமைப்புகளின் மீதான இணைச்சார்பு என்னும் கனத்த கணிப்பு அதற்குத் தேவைப்படுகிறது. அந்தக் கணிப்பில்லாமல் இதே பாதுகாப்பைப் பெறும் முயற்சிகளில், சென்னை ஐஐடியின் ஷர்மிளா தேவ செல்வி, அரிஞ்சிதா பால், பாண்டு ரங்கன் ஆகியோர் 2017இல் எழுதிய கட்டுரையை நான் பலமுறை படித்திருக்கிறேன். 2010இல் வந்த ஒரு முறையின் பாதுகாப்பு நிரூபணத்தில் இருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி, மாற்று முறையையும் தந்த கட்டுரை அது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் தேர்ந்தது நூசைஃபர் என்ற மென்பொருள் திட்டத்திலிருந்து வந்த அம்ப்ரல் என்னும் பதிலி மறுகுறியாக்க முறையின் பைத்தான் லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. இதற்கும் இணைச்சார்பு தேவையில்லை. பிட்காயினில் உள்ள அதே எஸ்இசிபி256கே1 வளைவே போதும். மறுசாவியை ஒரே சேவையகத்திடம் ஒப்படைக்காமல் ஷமீரின் மறைபொருள் பகிர்வு முறைப்படி துண்டுகளாக்கிப் பலரிடம் தரலாம் என்பதே என்னை ஈர்த்தது. வெவ்வேறு நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்த மூன்று சேவையகங்களில் துண்டுகளை வைத்து, இரண்டு பதிலளித்தால் போதும் என்று அமைத்தேன். இரவில் ஒன்று நின்றுபோனாலும் தன்னார்வலரின் வேலை நிற்பதில்லை.

மிகவும் நிறைவு தந்தது கோப்பின் அளவு பொருட்டாகாமல் போனதுதான். இரண்டு மணி நேர ஒலிப்பதிவானாலும், அதைப் பூட்டவும் திறக்கவும் ஒன்றே பயன்படும் சாதாரணச் சமச்சீர் சாவியால் பூட்டி, அந்தச் சாவியை மட்டும் அம்ப்ரலிடம் கொடுக்கிறேன். சேவையகங்கள் மாற்றித் தருவது கேப்சூல் எனப்படும் 98 பைட்டு உறையை மட்டுமே. பெரிய கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வழக்காடியைச் சந்திக்கச் செல்பவரின் கணினியில் பொதுச்சாவி மட்டும் இருப்பதால், அங்கே பூட்டிய கோப்பை அந்தக் கணினியாலேயே திறக்க முடியாது. அது வழியில் தொலைந்தாலும், பூட்டிய பிறகு மூலத்தை அழித்திருந்தால், யாருடைய வாக்குமூலமும் வெளியே போகாது. பொதுச்சாவி இருக்கும் எவரும் போலிக் கோப்பை உள்ளே தள்ள முடியும் என்பதால் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகக் கையொப்பம் வைக்கிறோம்.

முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு, எல்லா வழக்குகளுக்கும் ஒரே உடைமைச் சாவியை வைத்திருந்தது. அம்ப்ரலின் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான், தேவையான எண்ணிக்கையில் சேவையகங்களும் ஒரு பெறுநரும் சேர்ந்துவிட்டால் உடைமையாளரின் தனிச்சாவியையே மீட்டெடுக்க முடியும் என்பது உறைத்தது. ஒரு வழக்கைப் படிக்க அனுமதி பெற்றவர் இரண்டு சேவையகங்களை வசப்படுத்தினால் எல்லா வழக்குகளும் திறந்துவிடும் என்ற நிலையை நானே உருவாக்கியிருந்தேன். மூலவிதை எனப்படும் ஒரே இரகசிய எண்ணிலிருந்து பெயர்வாரியாகச் சாவிகளை வருவிக்கும் வசதி அந்த லைப்ரரியிலேயே இருக்கிறது. வழக்குக்கு ஒரு சாவி என்று மாற்றிய பிறகு, அப்படி ஒரு சதி நடந்தாலும் இழப்பு அந்த ஒரு வழக்கோடு நின்றுவிடும். இதைப் புதிதாக அமைப்பவர்கள் முதல் நாளிலேயே இப்படிச் செய்ய வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அனுமதி நீக்கம் பற்றியும் நான் நினைத்திருந்தது வேறு. தன்னார்வலர் விலகும்போது அவருக்குரிய சாவித்துண்டுகளைச் சேவையகங்களிலிருந்து அழிக்கிறோம். அதன்பின் புதிய உறைகளை அவரால் திறக்க முடியாது. ஆனால் அவர் ஏற்கெனவே திறந்து பார்த்த கோப்பின் சமச்சீர் சாவி அவரிடம் இருக்கும். அதை எந்தக் கணக்காலும் திரும்பப் பெற முடியாது. இதைவிட என்னை உலுக்கியது மூன்றாம் ஆண்டில் நடந்த ஒன்று. பழுதான இரண்டு சேவையகங்களைக் காப்புநகலிலிருந்து மீட்டேன். அழிக்கப்பட்டிருந்த பழைய சாவித்துண்டுகளும் அந்த நகலோடு உயிர்பெற்று வந்துவிட்டன. விலகியிருந்த ஒருவரின் அனுமதி பதினொரு நாள்கள் மீண்டும் செல்லுபடியானது. அவர் எதையும் கேட்கவில்லை என்பதைப் பதிவேட்டில் உறுதிசெய்துகொண்ட பிறகே எனக்கு உறக்கம் வந்தது. இப்போது ஒவ்வொரு துண்டையும் காலாவதித் தேதியோடு சேர்த்துக் கையொப்பமிட்டுத் தருகிறேன். சாவித்துண்டுகள் இருக்கும் அடைவைக் காப்புநகலில் சேர்ப்பதில்லை, இழந்தால் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சேவையகமும் தன் சாவித்துண்டால் உறையை மாற்றித் தருவது மாற்றத்துண்டு; அதைத் தவறாகத் தந்தால் அதோடு வரும் சரிபார்ப்புச் சான்று உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த ஒரு வசதிக்காகவே அம்ப்ரலைப் பரிந்துரைப்பேன். இடையில் வந்த பெரிய பதிப்பு மாற்றத்தில் வகுப்புகளின் பெயர்களும் பயன்படுத்தும் முறையும் மாறி, என் நிரலில் பாதியைத் திருத்தி எழுத நேர்ந்தது. கோப்புகளைத் தனியே பூட்டி வைத்திருந்ததால் உறைகளை மட்டும் புதிதாக்கினால் போதுமாக இருந்தது, அதுவும் ஒரே நாளில் முடிந்தது.

போதிய திறனுள்ள குவாண்டம் கணினி வந்தால் இந்த வளைவு தாங்காது என்பதே என்னிடம் மிஞ்சியிருக்கும் கவலை. நில வழக்குகளின் ஆவணங்கள் முப்பது ஆண்டுகள் கழித்தும் மறைவாக இருக்க வேண்டியவை. இன்று நகலெடுத்து வைப்பவர் அன்று திறந்து பார்க்கலாம். குவாண்டம் கணினியையும் தாங்கும் என்று கருதப்படும் பின்னற்கணிதத்தின் (lattice) மீது அமைந்த பதிலி மறுகுறியாக்கத்தை ஓப்பன்எஃப்எச்இ என்ற லைப்ரரி தருகிறது. அதில் உறைகள் பல மடங்கு பெரிதாகிவிடும் என்றாலும், எங்களிடம் மாறுவது உறை மட்டும்தான் என்பதால் அந்தச் சுமையைத் தாங்கலாம். முடிந்துபோன நான்கு வழக்குகளின் உறைகளை இந்த மாதம் அதில் மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.