பெட்ரோலை மட்டும் மாற்றலாமா, கார்புரேட்டரைக் கழற்றலாமா?

குளிர்காலம் முழுக்க நின்ற பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரை எழுப்ப இரண்டு வழி. பழைய பெட்ரோலை வடித்து, புதிதாக ஆயில் கலந்து ஊற்றி (2 சதவீதம் என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி), பிளக்கை மாற்றி உதைப்பது ஒன்று. நிறுத்தும்போதே கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) காலி செய்திருந்தால் இதுவே போதும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியதா? அப்போது யார் கண்டது, இரண்டாவது வழிதான்: கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பிசினாகப் படிந்திருக்கும். மிகச் சிறிய துளை கொண்ட ஐடில் ஜெட்தான் (ஆக்சிலரேட்டர் திருகாதபோது பெட்ரோல் விடுவது) முதலில் அடைபடும். சோக் (காற்றோடு சேரும் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவது) போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்துக் காற்று ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். வேகத்தில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் அடைப்போடு ஓட்டினால் பெட்ரோலோடு அதில் கலந்த ஆயிலும் குறையும், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கூடுதலாகப் போனாலும் நான் கழற்றத்தான் செய்வேன்.