பழைய தாரை இளக்குவதா, புதுத் தாரைக் குறைப்பதா?

தாவரப் பொருளைக் கொண்டு சாலை போட இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை.

முதலாவது, சுரண்டி எடுத்த பழைய சாலையையே திரும்பப் போடுவது. அந்தக் கலவையில் ஏறத்தாழ 95 சதவீதம் ஜல்லியும் மணலும்தான், மீதி தார். வருடக்கணக்கில் வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பட்டு, தாரின் பசை வற்றி இறுகிப்போயிருக்கும். அதை மட்டும் அப்படியே போட்டால் சீக்கிரம் வெடிப்பு விடும். சோயா எண்ணெய், பைன் மரக்கூழ் ஆலைகளில் கிடைக்கும் டால் ஆயில் போன்றவற்றைக் கொஞ்சம் சேர்த்தால் தார் மறுபடி இளகும். அளவு மீறக் கூடாது. மீறினால் கோடையில் லாரிச் சக்கரம் ஓடும் தடம் அப்படியே அமுங்கிவிடும்.

இரண்டாவது, லிக்னின். மரத்துக்கும் வைக்கோலுக்கும் உறுதி தரும் இந்தப் பொருளைப் புதுத் தாரில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலக்கிறார்கள். நெதர்லாந்தின் ஜீலாந்தில் 2015-லேயே இப்படிச் சாலை போட்டார்கள். இந்தியாவில் 2024 டிசம்பரில் நாக்பூர்–மன்சர் புறவழிச்சாலையில் 1 கி.மீ. திறக்கப்பட்டது. லிக்னின் தாரை இறுக்கும் என்பதால் வெப்பநாட்டுக்கு அது வசதிதான்.

ஆனாலும் என் ஓட்டு முதல் வழிக்கே. லிக்னினால் மிச்சமாவது தார் மட்டும். பழைய சாலையைத் திரும்பப் போட்டால் ஜல்லியும் மிச்சம், குவாரியில் உடைபடும் மலையும் மிச்சம். நம் ஊர்த் தெருக்களில் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, வீட்டு வாசல் பள்ளமாகி மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதே, அந்தக் கொடுமைக்கும் இதில்தான் தீர்வு இருக்கிறது.