மெக்சிகோ நகரில் டாக்கோ சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு: விலை எழுதாத கடையில் உட்காராதீர்கள்

மெக்சிகோ நகரின் கொண்டேசா பகுதியில், எளிமையான உள்ளூர்க் கடை போலத் தோன்றும் ஓர் இடத்தில் எங்களிடம் 590 பெசோ (மெக்சிகோ நாணயம்) சாப்பாட்டுக்கு 1,048 பெசோ கேட்டார்கள். வெளிநாட்டவர் நிறையத் தங்கும் பகுதி அது. நம்மவர்களும் அங்கேதான் அறை எடுக்கிறார்கள் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

தோர்த்தியா என்னும் மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் இறைச்சி வைத்து மடித்துச் சாப்பிடுவதுதான் டாக்கோ. அந்த ஊரின் தெருமுனை டாக்கோ கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. நின்றபடியே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். முடித்த பிறகு எத்தனை சாப்பிட்டோம் என்பதைச் சாப்பிட்டவரே சொல்லுவார். கடைக்காரர் அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு பணம் வாங்குவார். இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பெருநகரத்தில் இந்த நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

நானும் தோழியும் மதிய நேரத்தில் போனோம். வாசலிலேயே அல் பாஸ்தோர் கூம்பு நிறுத்தப்பட்டிருந்தது. அச்சியோட்டே விதையும் உலர்ந்த குவாஹில்லோ மிளகாயும் அரைத்துப் பூசிய பன்றி இறைச்சியைக் கம்பியில் அடுக்கி, நெருப்பின் முன் சுழலவிட்டு, வெந்த ஓரத்தை மட்டும் கத்தியால் சீவி எடுப்பது அதன் முறை. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவிலிருந்து பிறந்த உணவு. ஆனால் இந்தக் கடையின் கூம்பில் கத்தி பட்ட தடயமே இல்லை. எங்கள் தட்டுக்கு வந்த இறைச்சி உள்ளேயிருந்து வந்தது: சிறு சதுரங்களாக வெட்டிக் கல்லில் வதக்கியது, ஓரத்தில் முறுகல் கிடையாது, சிவப்புச் சாயமும் சர்க்கரைப் பாகில் ஊறிய டப்பா அன்னாசியும்தான் மிச்சம். தோர்த்தியாவில் மக்காச்சோளத்தின் மணம் இல்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துச் சுட்டால் வரும் மணம் அது. ஒருமுறை அறிந்தவர்களுக்கு மறக்காது. இங்கே வந்தது மடித்தவுடன் விரிசல் விட்டது.

உணவுப் பட்டியலைக் கைபேசியில்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். படங்கள் இருந்தன, விலை இல்லை. விலை என்ன என்று பணியாளரிடம் கேட்டேன். "எல்லா இடத்திலும் உள்ளதுதான், சார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

சாப்பிட்டவை ஆறு டாக்கோ, இரண்டு கோப்பை செம்பருத்திப் பானம். ரசீதில் எட்டு டாக்கோ, ஒவ்வொன்றும் 75 பெசோ. பானம் 140. நாங்கள் கேட்காமலே மேசைக்கு வந்த சல்சாவுக்கும் (காரச் சட்னி) எலுமிச்சைக்கும் 60. அதற்கு மேல் 16 சதவீத வரி தனியாக, 15 சதவீத சேவைக் கட்டணம் தனியாக. டாக்கோ கடையில் சல்சாவுக்குக் காசு கேட்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மேலாளரை அழைத்தோம். தட்டுகளை எண்ணிப் பார்க்கச் சொன்னால், அவை கழுவப்போய்விட்டன என்றார். சேவைக் கட்டணம் கட்டாயம் என்று குரலை உயர்த்தினார். மெக்சிகோவில் அது சட்டப்படி செல்லாது. டிப்ஸ் முழுக்க முழுக்க வாடிக்கையாளரின் விருப்பம். வழக்கத்தில் பத்து சதவீதம் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் யாரும் வற்புறுத்தக் கூடாது. காட்டும் விலைக்குள் வரியும் அடங்கியிருக்க வேண்டும். விலையை மறைப்பதும் குற்றமே. இவற்றைக் கவனிக்க புரோஃபெகோ என்ற நுகர்வோர் பாதுகாப்பு அரசு அமைப்பு 1976 முதல் இயங்குகிறது. அந்தப் பெயரை நான் சொன்னதும் மேலாளரின் குரல் தணிந்தது. சேவைக் கட்டணத்தை மட்டும் நீக்கினார். சாப்பிடாத இரண்டு டாக்கோவையும் வரியையும் விடவில்லை. அட்டை இயந்திரத்தில் பெசோவா ரூபாயா என்ற கேள்வி வந்தபோது, எங்களைக் கேட்காமலே ரூபாயை அழுத்தப் போனார். தோழி இயந்திரத்தைக் கையில் வாங்கிப் பெசோவைத் தேர்ந்தெடுத்தாள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் இன்னொரு நட்டம் வரும்.

போகிறவர்கள் முதலில் சுவரைப் பாருங்கள். நல்ல கடைகளில் சுவாதேரோ, லொங்கானிசா, பாஸ்தோர் என ஒவ்வோர் இறைச்சி வகையின் விலையும் பெரிய எழுத்தில் இருக்கும். பெசோவுக்கும் டாலர் குறியையே போடுவார்கள், பயப்பட வேண்டாம். பாஸ்தோர் பெரும்பாலும் மாலை, இரவு நேர உணவு. கூம்பு பாதி கரைந்து, முன்னால் உள்ளூர்க்காரர்கள் நிற்கும் கடையே சரியான கடை. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் சுவாதேரோவைத் தவிர்க்க வேண்டும், அது மாட்டிறைச்சி. பல கடைகளில் எல்லாவற்றையும் ஒரே கல்லில்தான் வாட்டுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரோஃபெகோவின் கட்டணமில்லா எண் 800 468 8722. ரசீதின் படத்தோடு நான் புகார் கொடுத்திருக்கிறேன். அதே பகுதியில் இப்படி ஏமாந்தவர்கள் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். புகாருக்கு அதுதான் சான்று.