அடிக்கடி போகும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை): பேப்பர் கிளிப்பா, மல்டிமீட்டரா?

கிளிப் சோதனைக்குச் செலவில்லை. சுவிட்சை அணைத்து, 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்து, மறுபடி ஆன் செய்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றினால் உயிர் இருக்கிறது, அவ்வளவுதான். லோடு ஏறினால் தாங்குமா என்று அது சொல்லாது.

மல்டிமீட்டர் சொல்லும். கேம் ஓடும்போது மஞ்சள் வயரில் 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சப்ளை திணறுகிறது. (இப்போது பலவற்றில் எல்லா வயரும் கறுப்புதான், எந்தப் பின்னில் எது என்று கனெக்டர் வரைபடத்தைப் பாருங்கள்.)

ஆனால் புதிது போட்டும் திரும்பத் திரும்ப எரிந்தால், நான் சந்தேகப்படுவது சுவரை. அதே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி சாக்கெட்டில் வையுங்கள். 230 பக்கம் நிற்காமல் எக்கச்சக்கமாக ஏறி இறங்கினால் நியூட்ரல் வயர் லூஸாக இருக்கலாம். அதற்கு எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும்; கிளிப்புக்கு அங்கே வேலையே இல்லை.