எட்டு வருஷமாக போனில் தியானம்: ஒரு தேயிலைக்காட்டு அனுபவம்

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் வழியில், மாட்டுப்பெட்டியைத் தாண்டி உள்ளே ஒரு தேயிலை எஸ்டேட் டிவிஷனில் இருக்கிறேன். ஃபேக்டரியில் வேலை. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சிற்றாலயத்தில் சம்பளம் வாங்காத லே பிரீச்சர், அதாவது குருப்பட்டம் இல்லாத பிரசங்கியார் என்றாலும், எல்லோருக்கும் நான் ‘உபதேசியார்’தான். 2017 தவக்காலத்தில் ஆரம்பித்து, தினமும் காலையில் வேதவசனம் ஒன்றை ஒட்டிய ஒரு சிறு தியானத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வருகிறேன். பக்கத்து டிவிஷன்களில் இரண்டு மூன்று பேர், “அண்ணாச்சி, நாங்களும் தொடங்கலாமா, இதுல என்ன தொல்லை இருக்கு?” என்று கேட்டார்கள். தொல்லை நிறையவே இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் நாலு மாதம் எழுதித்தான் அனுப்பினேன். கையில் இருந்த பழைய பிரசங்கக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. போனில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி, ராத்திரி பதினொரு மணி வரை கண் விழித்து அனுப்புவேன். யாரும் வாசிக்கவில்லை. கோபம்கூட வந்தது. அப்புறம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. கொளுந்து கிள்ளப் போகும் வயதான அம்மாக்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மலையாள மீடியம் அல்லது இங்கிலீஷ் மீடியம். வீட்டில் வாய் நிறையத் தமிழ், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. தமிழ் சரளமாக வாசிக்கக்கூடியவர்கள் நடுவயது ஆண்கள். அவர்கள் ஆலயத்துக்கே கிறிஸ்துமஸுக்குத்தான் வருகிறவர்கள்!

தரங்கம்பாடியில் 1715இல், ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஆனால் அதற்கு முன்பே பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டார். புத்தகம் கொடுத்தால் வாசிக்க ஆள் வேண்டுமே. முந்நூறு வருஷம் கழித்து அதே இடத்தில் நான் முட்டிக்கொண்டு நின்றேன். அதனால் எழுத்தை விட்டுக் குரலுக்கு மாறினேன்.

குரல் பதிவில் முதல் எதிரி மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தகரக்கூரை போடும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. எண்ணூறு ரூபாய்க்கு ஒரு காலர் மைக் வாங்கினேன். அது என் குரலை விட்டுவிட்டு மழையைத் தெளிவாகப் பதிந்தது. கடைசியில் கைகொடுத்தது கம்பளிதான். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசுகிறேன். வீட்டம்மா இன்றைக்கும் சிரிக்கிறாள். பதிவு மட்டும் தெளிவாக இருக்கிறது.

அடுத்தது நீளம். ஏழு நிமிஷம் பேசுவேன். ஒரு பாட்டியம்மா வழியில் நிறுத்தி, “தம்பி, நீங்க ஆமென் சொல்லுமுன்ன குக்கர் விசில் அடிச்சிட்டு, நான் எந்திரிச்சிப் போயிட்டேன்” என்றார். அதன்பிறகு எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். டிக் நீலமானால் திறந்து பார்த்தார்கள் என்று மட்டும்தான் அர்த்தம்; மைக் படம் நீலமானால்தான் கேட்டார்கள் என்று அர்த்தம். என் பட்டியலில் 214 எண்கள். ஏழு நிமிஷம் பேசிய நாட்களில் முப்பது மைக் நீலமாகும். மூன்று நிமிஷமாகக் குறைத்த பிறகு தொண்ணூறு, நூறு என்று ஏறியது. இன்றுவரை மூன்று நிமிஷம்தான். ஒரு வசனம், ஒரு சம்பவம், ஒரு ஜெபம். வேலைக்கு இறங்கும் முன், ஐந்தரைக்குள் போய்விட வேண்டும்.

குழுவா, பிராட்காஸ்ட் பட்டியலா (ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போவது) என்று கேட்பவர்களுக்கு: கண்ணை மூடிக்கொண்டு பட்டியல். குழுவில் நாற்பது ஆமென், பத்து பிறந்தநாள் கேக், தேர்தல் வந்தால் ஒரு சண்டை. ஆனால் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது. அவர்கள் போனில் உங்கள் எண் சேமிக்கப்பட்டிருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் அரை வருஷம், அறுபது பேருக்கு ஒன்றுமே போகவில்லை. அவர்கள் நான் நிறுத்திவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். லயம் லயமாக ஏறி இறங்கி, ஒவ்வொருவர் போனிலும் என் எண்ணை நானே பதிந்தேன். ஒரு மாதம் பிடித்தது. வீட்டுக்கு வீடு கட்டங்காப்பி. அந்த மாதம் தெரிந்துகொண்ட குடும்பக் கதைகள் அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் தெரியாதவை.

வசனம் எடுக்க ஒரு இலவச பைபிள் ஆப் வைத்திருக்கிறேன். நெட் இல்லாமலும் திறக்கும், வாசித்தும் காட்டும், அது போதும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நான் கோடிட்டு வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் காணாமல் போயின. கணக்கு தொடங்கி உள்ளே போகாததால் வந்த வினை. இப்போது குறிப்புகள் நோட்டில்தான். அதைவிடப் பெரிய சிக்கல் மொழிபெயர்ப்பு. என் பட்டியலில் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. எங்களுக்கு ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’. 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘ஆண்டவரே என் ஆயர்’. எங்களுக்கு விசுவாசம், அவர்களுக்கு நம்பிக்கை. பழைய மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு, போகிற போக்கில் மற்றச் சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். ஆயர் என்றால் எங்கள் சபையில் பாஸ்டர் ஐயா. அதனால் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் விஷயம் தனிக் கதை. ஓய்வுநாள் பள்ளியில் நோவா காலத்து வெள்ளம் என்றேன். ஒரு வாண்டு எழுந்து, “சார், வெள்ளம்னா தண்ணிதானே, குடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றது. மலையாளத்தில் வெள்ளம் தண்ணீர்தான். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் அதைத்தான் கேட்டு வாங்கிக் குடிக்கிறது அந்தப் பிள்ளை. 2018 ஆகஸ்டில் பாலம் மூழ்கியதைச் சொல்லித்தான் புரியவைத்தேன். அதற்குப் பிறகு ஒன்று செய்தேன். கீர்த்தனைகளைத் தமிழ் வார்த்தை மாறாமல் மலையாள எழுத்தில் எழுதிப் படமாக அனுப்பினேன். எட்டு வருஷத்தில் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். ழ, ள, ற எல்லாம் அங்கேயும் இருப்பதால் உச்சரிப்பு கெடுவதில்லை. க, த, ப வரும் இடங்களில்தான் யோசிக்க வேண்டும். தமிழில் ஒரே எழுத்துக்கு இடத்தைப் பொறுத்து ஓசை மாறும். மலையாளத்தில் ஒவ்வொரு ஓசைக்கும் தனி எழுத்து. ‘தங்கம்’ என்று எழுதினால் அந்த ‘க’வுக்கு எதைப் போடுவது? பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் எனக்குத் திருத்திக் கொடுக்கிறாள். அந்தக் காலத்தில் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டை இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் மலையாள எழுத்தில் பார்த்துத் தமிழில் பாடுகிறார்கள். அவரே கேட்டாலும் குறை சொல்லமாட்டார்.

ஒரு கெட்ட அனுபவமும் உண்டு. என் பதிவு ஒன்றை யாரோ எடுத்து, கீழே ஒரு க்யூஆர் கோடு ஒட்டி, ‘ஆலயம் கட்டக் காணிக்கை’ என்று சுற்றவிட்டார்கள். போடியிலிருந்து ஒரு உறவுக்காரர் ஐநூறு ரூபாய் அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவும் தேதியில் தொடங்கி, ‘இந்தக் குரல் பணம் கேட்காது’ என்பதில் முடிகிறது. கேட்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். இருக்கட்டும்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள். மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாததால் விடிந்த பிறகே வெளியே தெரிந்தது. என் பட்டியலில் அந்தப் பக்கத்து எண்கள் இரண்டு. அன்று காலை அனுப்பிய தியானம் அந்த இரண்டிலும் ஒற்றை டிக்கோடு நின்றது. அடுத்த ஒன்பது நாட்கள் நான் எதுவும் அனுப்பவில்லை.

அதே வருஷம் ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. ஊரடங்கு, ஆலயம் பூட்டு. அன்று மதியம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையை விட மனமில்லை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு வீடுகளுக்குப் பங்கு வைத்தேன். ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசி அனுப்ப வேண்டும். ஐந்தாம் வார்த்தை ‘தாகமாயிருக்கிறேன்’. அதை அந்தக் குக்கர் பாட்டியம்மாவிடம் கொடுத்தேன். பிரசங்கம் எல்லாம் அவருக்கு வராது. பங்குனி வெயிலில் மலைச்சரிவில் கூடையோடு நின்று நாக்கு வறண்ட ஒரு நாளைச் சொன்னார். யாரோ ஒரு பிள்ளை தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்ததைச் சொன்னார். இரண்டு நிமிஷம்தான். அதற்குப் பிறகு எட்டு நொடி மூச்சுச் சத்தம். எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறு வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் என் போன் தண்ணீரில் விழுந்து செத்தது. பேக்கப் எடுக்காத மடையன் நான். 2019, 2020 இரண்டு வருஷத்துப் பதிவுகளும் போயின. பட்டியலில் உள்ளவர்களிடம் கேட்டேன். இடம் போதவில்லை என்று எல்லோரும் அழித்திருந்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பாட்டியம்மாவின் மகன் மட்டும் எதையும் அழிக்கவில்லை. போன் ஆமை மாதிரி நகர்கிறது என்று புலம்பிக்கொண்டே, மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எனக்குத் திருப்பி அனுப்பினார். ஐந்தாம் வார்த்தையும் வந்தது, அந்த எட்டு நொடியோடு.

2019 நவம்பர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்பி வையுங்கள்.